உணவுக்குழாயில் ஏதாவது சிக்கிக்கொண்டால்?
வாசகர் கேள்விகளுக்கு எண்டோஸ்கோப்பி மருத்துவர்கள் பதில்

எங்கள் தெருவில் இரண்டரை வயதுக் குழந்தை, எடை பார்க்கும் மெஷினிலிருந்து கழன்று விழுந்த பட்டன் பேட்டரியை விழுங்கிவிட்டது. அழவில்லை, விளையாடிக்கொண்டுதான் இருந்தது. "மலத்தோடு வந்துவிடும்" என்று மறுநாள் காலை வரை விட்டுவிட்டார்கள். வெளியே எடுத்தபோது உணவுக்குழாய் வெந்துபோயிருந்ததாம். ஒரு சின்ன பேட்டரி ஒரே ராத்திரியில் இவ்வளவு செய்யுமா டாக்டர்?
– வாசகி, திண்டுக்கல்

ஒரு ராத்திரி வேண்டாம்மா, இரண்டு மணி நேரமே போதும்.

பேட்டரி உடைந்து உள்ளேயிருக்கும் ரசாயனம் கசிவதால்தான் புண்ணாகிறது என்று பலரும் நினைக்கிறார்கள். உணவுக்குழாயில் நடப்பது பெரும்பாலும் அதுவல்ல. குழாயின் ஈரமான சுவர் பேட்டரியின் இரண்டு முகங்களையும் இறுக்கிப் பிடித்துக்கொள்கிறது. எச்சிலும் சதையும் கம்பியின் வேலையைச் செய்து மின்சுற்றை முடித்துவிடுகின்றன. மின்சாரம் பாயப் பாய எதிர்முனை (மைனஸ் பக்கம்) தொட்டுக்கொண்டிருக்கும் இடத்தில் கடும் காரம் உண்டாகிறது. பி.எச். அளவு 10-க்கு மேல் ஏறிவிடும். கால் மணி நேரத்தில் உட்படலம் சேதமாகத் தொடங்கும், இரண்டு மணி நேரத்தில் ஆழமான புண்ணாகும். ரிமோட்டை இயக்க வலுவில்லாத பழைய பேட்டரியிலும் இதற்குப் போதுமான மின்னழுத்தம் மிச்சமிருக்கும். அதனால் "தீர்ந்துபோன பேட்டரிதானே" என்று ஆறுதல் அடைய வேண்டாம்.

இவற்றில் மிகக் கொடியது சி.ஆர். 2032 என்று முகத்தில் பொறித்திருக்கும் லித்தியம் பேட்டரி. விட்டம் 20 மி.மீ., கனம் 3.2 மி.மீ., மின்னழுத்தம் 3 வோல்ட். எடை மெஷின், கார் சாவி, சில ரிமோட்டுகள், மினுமினுக்கும் மெழுகுவத்தி விளக்கு என்று எல்லாவற்றிலும் இருக்கிறது. கைக்கடிகாரத்தில் போடும் சின்ன பேட்டரி பெரும்பாலும் வழுக்கிக்கொண்டு வயிற்றுக்குள் போய்விடும். இதுவோ ஒரு சிறு குழந்தையின் உணவுக்குழாயில் நிற்பதற்கென்றே அளவெடுத்துச் செய்தது போல இருக்கும்.

இதில் ஒரு ஆபத்தான குழப்பமும் உண்டு. 2019-ல் வந்த புது வரிசை ஒரு ரூபாய் நாணயத்தின் விட்டமும் அதே 20 மி.மீ. எக்ஸ்ரேயில் வட்டமாக ஒன்று தெரிந்ததும் "காசுதான், நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம்" என்று சொல்லிவிட வாய்ப்பு இருக்கிறது. பேட்டரி என்றால் நேர்ப்படத்தில் விளிம்பை ஒட்டி உள்ளே இன்னொரு வளையம் தெரியும். பக்கவாட்டுப் படத்தில் ஒரு பக்கம் அகலமாகவும் மறுபக்கம் குறுகியும் ஒரு படி விழுந்தாற்போல இருக்கும். ஆகவே இரண்டு கோணத்திலும் படம் வேண்டும். குறுகிய பக்கம்தான் எதிர்முனை. அது முன்னோக்கி இருந்தால் மூச்சுக்குழாய்க்கு ஆபத்து, பின்னோக்கி இருந்தால் முதுகெலும்புப் பக்கம். எந்தத் திசையில் இருந்தது என்பதை மருத்துவர்கள் குறித்து வைப்பது இதற்காகத்தான்.

வீட்டில் செய்யக்கூடியது ஒன்றே ஒன்று. குழந்தைக்கு ஒரு வயது முடிந்திருந்து, விழுங்கி 12 மணி நேரத்துக்குள் என்றால், இரண்டு தேக்கரண்டி (10 மி.லி.) தேனைப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை, அதிகபட்சம் ஆறு தடவை கொடுக்கலாம். வண்டியில் போகும்போதே கொடுங்கள். தேன் பேட்டரியைப் போர்த்திக் காரத்தின் வேகத்தைக் குறைக்கும், அவ்வளவுதான். பேட்டரியை அது கரைக்காது, கீழே தள்ளாது. வீட்டில் தேன் இல்லையென்றால் கடைக்கு ஓடி நேரத்தை இழக்க வேண்டாம். ஒரு வயதுக்குக் கீழே தேன் கூடவே கூடாது, பொட்டுலிசம் என்ற நச்சு நோய் வரக்கூடும். விழுங்கவே முடியாத குழந்தைக்கும் கொடுக்கக் கூடாது. தேன் தவிர வேறு எதுவும் தராதீர்கள், வாந்தி எடுக்கவும் வைக்காதீர்கள்.

மருத்துவமனையில் வழக்கமாகப் பார்க்கும் "வெறும் வயிறா?" என்ற கணக்கு இதற்குப் பொருந்தாது. அரை மணி முன்பு சாப்பிட்டிருந்தாலும் மூச்சுக்குழாயில் குழாய் செருகி, முழு மயக்கத்தில், உடனே எடுத்தாக வேண்டும். எடுத்த கையோடு புண்ணின் ஆழத்தைப் பார்ப்பார்கள். துளை இல்லையென்றால் 0.25 சதவீத அசிட்டிக் அமிலக் கரைசலை 50 முதல் 150 மி.லி. வரை பீய்ச்சிக் கழுவுவது உண்டு. மிச்சமிருக்கும் காரத்தை அது முறிக்கும். இது மருத்துவமனையில் கிருமி நீக்கிய கரைசல். இதைப் படித்துவிட்டு யாரும் வீட்டில் வினிகர் கொடுத்துவிடாதீர்கள்.

பேட்டரி வெளியே வந்துவிட்டது என்பதோடு இது முடிவதில்லை. வெந்த சதை அடுத்த நாட்களில் இன்னும் ஆழமாக அரிக்கும். மூச்சுக்குழாய்க்கும் உணவுக்குழாய்க்கும் இடையில் ஓட்டை விழலாம், குரல்நாண் நரம்பு செயலிழக்கலாம். மிகப் பயங்கரமானது பெருந்தமனியில் ஓட்டை விழுவது. இது பேட்டரியை எடுத்து இரண்டு மூன்று வாரம் கழித்தும் நடந்திருக்கிறது. பெருவெள்ளமாக ரத்தம் வருவதற்கு முன்னால் கொஞ்சமாக ஒருமுறை ரத்த வாந்தி வருவதுண்டு. அந்தக் கொஞ்சம்தான் எச்சரிக்கை. ரத்த வாந்தி, கறுப்பு மலம், குரல் கம்முதல், மூச்சில் இரைச்சல், தண்ணீர் குடித்ததும் இருமல் என்று இவற்றில் எது வந்தாலும், இதய அறுவைச் சிகிச்சை வசதியுள்ள மருத்துவமனைக்கே நேராகப் போக வேண்டும். உங்கள் தெருக் குழந்தையின் வீட்டாரிடம் இந்தப் பத்தியைத் தயவுசெய்து படித்துக் காட்டுங்கள். விழுங்க வலித்தாலோ கட்டியான உணவு இறங்காவிட்டாலோ, சில வாரம் கழித்துக் குறுக்கம் விழுந்திருக்கிறதா என்றும் பார்க்க வேண்டியிருக்கும்.

மீன் முள் சிக்கினால் சோற்றை உருட்டி மெல்லாமல் விழுங்கு என்பார் என் தாயார். எனக்கும் சில தடவை சரியாகியிருக்கிறது. அதைத் தவறு என்கிறார்களே?
– வாசகர், நாகப்பட்டினம்

சரியான தடவைகளில் முள் மெல்லியதாக, மேலோட்டமாக இருந்திருக்கும். ஒருவேளை முள் ஏற்கனவே போய்விட்டு, கீறல் மட்டும் உறுத்திக்கொண்டிருந்திருக்கும். கீறலின் உறுத்தல் ஓரிரு நாள் நிற்கும். அப்போது உருண்டைக்குக் கிடைக்கும் பெயர் இலவசம்.

குறுக்காக மாட்டி இரண்டு முனையும் சுவரில் குத்தி நிற்கும் முள்ளின் மேல் சோற்று உருண்டை விழுந்தால் என்ன ஆகும் என்று பாருங்கள். உருண்டை அதைக் கீழே தள்ளுவதைவிட, பக்கவாட்டில் இன்னும் ஆழமாகக் குத்துவதற்கே வாய்ப்பு அதிகம். உணவுக்குழாயின் சுவர் சில மில்லிமீட்டர் கனம்தான். அதைத் தாண்டினால் நெஞ்சுக்கூட்டின் நடுப்பகுதி, பெருந்தமனி, மூச்சுக்குழாய். கிருமி அங்கே புகுந்தால் சீழ் கட்டி உயிரையே குடிக்கும். இரண்டாவது சங்கடம், வயிறு நிறைந்துவிட்டதால் மயக்க மருந்து கொடுப்பது சிக்கலாகிறது. மூன்றாவது, எண்டோஸ்கோப்பை (நுனியில் கேமரா உள்ள வளையும் குழாய்) உள்ளே விட்டால் சோறும் வாழைப்பழமும் முள்ளை மூடிக்கொண்டிருக்கும். முள்ளைத் தேடுவதற்கு முன் சோற்றை அள்ள வேண்டியிருக்கும். எலுமிச்சைச் சாறும் வினிகரும் முள்ளைக் கரைக்கும் என்பதும் வீண். கரைய வேண்டுமானால் மணிக்கணக்கில் அதிலேயே ஊற வேண்டும், தொண்டையைக் கடக்கும் சாறோ நொடியில் போய்விடும்.

சிறு முட்களில் மிகுதியானவை உணவுக்குழாய் வரை போவதே இல்லை. டான்சில், நாக்கின் அடிப்பகுதி, குரல்வளைக்கு முன்னால் உள்ள குழி, இங்கேதான் செருகிக்கொள்ளும். ஒவ்வொரு முறை எச்சில் விழுங்கும்போதும் ஒரே பக்கம், ஒரே புள்ளியில் குத்தி, அந்த இடம் குரல்வளை மேட்டுக்கு மேலே என்று விரலால் காட்ட முடிந்தால் முதலில் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போங்கள். கண்ணாடியோ மெல்லிய ஸ்கோப்போ வைத்துப் பார்த்து, தொண்டையில் மரப்பு மருந்து தெளித்து, உட்கார்ந்த நிலையிலேயே பிடுங்கிவிடுவார். அங்கே இல்லை, வலி கழுத்தின் அடியிலோ நெஞ்செலும்புக்குப் பின்னாலோ இருக்கிறது என்றால் உணவுக்குழாயைப் பார்க்க வேண்டும்.

சாதாரண எக்ஸ்ரேயில் முள் தெரியவில்லை என்பதற்காக முள் இல்லை என்று ஆகாது. மீன் முட்களில் பலவற்றுக்கு எக்ஸ்ரேயில் நிழல் விழாது. ஆட்டெலும்பும் கோழியெலும்பும் அவற்றைவிட நன்றாகத் தெரியும். சந்தேகம் நீடித்தால் மெல்லிய வெட்டுகளாக எடுக்கும் சி.டி. ஸ்கேன்தான் நம்பத் தகுந்தது. முள் எங்கே, எந்தக் கோணத்தில், சுவரைத் தாண்டியிருக்கிறதா, தமனிக்கு எவ்வளவு அருகில் என்று எல்லாம் அதில் தெரிந்துவிடும். பேரியம் கரைசலைக் குடிக்கச் சொல்லிப் படம் எடுப்பது இங்கே வேண்டாத வேலை. புரையேறினால் நுரையீரலுக்குள் போகும், போகாவிட்டாலும் சுண்ணாம்பு அடித்தது போல எல்லாவற்றையும் மறைத்துவிடும்.

எடுக்கும் விதம் இது. ஸ்கோப்பின் நுனியில் ஒளி புகும் ஒரு பிளாஸ்டிக் குப்பியை மாட்டிக்கொள்வார்கள். முன்பற்களிலிருந்து 15 செ.மீ. அளவில் உணவுக்குழாயின் வாசல் தசை இருக்கிறது. முட்கள் அதிகம் நிற்பது அதிலும் அதற்குச் சற்றுக் கீழேயும்தான். அதனால் வேகமாக உள்ளே போகாமல், போகும்போதே பார்த்துக்கொண்டு போக வேண்டும். இரண்டு முனையும் குத்தியிருந்தால் நடுவில் பிடித்து இழுப்பது பெரும் தவறு, இரண்டு பக்கமும் கிழியும். எந்த முனை குறைவாகப் பதிந்திருக்கிறதோ அதை முதலில் விடுவிக்க வேண்டும். எதிர்ப்பக்கம் மெல்ல நகர்த்தினால் அது சுவரிலிருந்து கழன்றுவிடும். பிறகு முள்ளைக் குழாயின் நீளவாக்கில் திருப்பி, கவ்வியால் முனைக்கு அருகில் பிடித்து, குப்பிக்குள் இழுத்துக்கொண்டு, ஸ்கோப்பும் முள்ளுமாகச் சேர்ந்து வெளியே வர வேண்டும். முனை சுவரைத் தாண்டிப் பெருந்தமனியை நோக்கி நிற்கிறது என்று ஸ்கேன் சொன்னால், அறுவைச் சிகிச்சைக் குழு தயாராக இல்லாத இடத்தில் யாரும் அதைத் தொடக் கூடாது.

கூர்மையான பொருள் உணவுக்குழாயில் இருந்தால் இரண்டு மணி நேரத்துக்குள், தள்ளிப்போனாலும் ஆறு மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டும் என்பது ஐரோப்பிய எண்டோஸ்கோப்பி சங்கம் 2016-ல் வெளியிட்ட வழிகாட்டுதல். நாகையில் ராத்திரி பத்து மணிக்கு முள் சிக்கினால், விடியட்டும் என்று படுத்துவிடாதீர்கள்.

குழந்தை ஐந்து ரூபாய் காசை விழுங்கிவிட்டது. எக்ஸ்ரே பார்த்துவிட்டு "நாளைக் காலை இன்னொரு எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கலாம்" என்றார்கள். முள்ளுக்கும் பேட்டரிக்கும் அவசரம், காசுக்கு மட்டும் ஏன் தாமதம்?
– வாசகர், விருதுநகர்

காசு குத்தாது, அரிக்காது. உணவுக்குழாயில் நிற்கும் காசுகளில் ஏறக்குறைய நாலில் ஒன்று தானாகவே வயிற்றுக்குள் இறங்கிவிடும். கீழ்ப்பகுதியில் நின்றால் வாய்ப்பு இன்னும் கூடுதல். குழந்தை எச்சிலை விழுங்குகிறது, மூச்சு சீராக இருக்கிறது என்றால் 12 முதல் 24 மணி நேரம் வரை பொறுத்துப் பார்ப்பது தவறல்ல. அதற்குமேல் போனால் அழுத்தத்தில் சுவர் புண்ணாகும். ஜொள்ளாக வழிந்துகொண்டே இருந்தாலோ, மூச்சு இழுத்தாலோ, நெஞ்சு வலி என்று துடித்தாலோ காத்திருப்பு கிடையாது, அப்போதே எடுக்க வேண்டும்.

மயக்கம் கொடுப்பதற்குச் சற்று முன் இன்னொரு எக்ஸ்ரே எடுக்கச் சொல்லுங்கள். ராத்திரியில் காசு இறங்கிவிட்டிருந்தால் குழந்தைக்கு வீண் மயக்கம் மிச்சம். நேர்ப்படத்தில் காசு முழு வட்டமாகத் தெரிந்தால் பெரும்பாலும் உணவுக்குழாய். விளிம்பு மட்டும் கோடாகத் தெரிந்தால் மூச்சுக்குழாயைச் சந்தேகிக்க வேண்டும்.

எடுக்கும்போது எலிப்பல் போன்ற நுனியுள்ள கவ்வியால் காசின் விளிம்பைப் பிடிப்பார்கள். வழுவழுப்பான முகத்தில் பிடி நிற்காது. நாணய விளிம்பில் சற்று உயர்ந்த ஓரம் இருக்கிறதே, அதுதான் கைகொடுக்கும். கை நழுவும் இடம் பெரும்பாலும் வாசல் தசைதான். அங்கே காசு கவ்வியிலிருந்து விழுந்து மூச்சுக்குழாய்க்குள் போனால் பெரிய விபரீதம். சிறு குழந்தைகளுக்கு மூச்சுக்குழாயில் குழாய் செருகி முழு மயக்கத்தில் செய்வது அதற்காகவே. காசு கழுத்தளவிலேயே நின்றால் வாய் வழியாக வளைந்த இடுக்கியை விட்டே எடுத்துவிடுவதும் உண்டு.

வயிற்றுக்குள் போய்விட்ட காசுக்கு வாழைப்பழமும் வேண்டாம், விளக்கெண்ணெயும் வேண்டாம். வழக்கமான சாப்பாடு போதும். இரண்டு வாரம் மலத்தைக் கவனியுங்கள், வராவிட்டால் எக்ஸ்ரே. நாலு வாரமாகியும் வயிற்றிலேயே கிடந்தால் எண்டோஸ்கோப்பியில் எடுத்துவிடலாம்.

காந்தம் விழுங்கினால்?
– வாசகி, ஈரோடு

ஒன்றே ஒன்று என்பது உறுதியானால் காசு போலத்தான். இரண்டு காந்தம், அல்லது ஒரு காந்தமும் ஒரு இரும்புத் துண்டும் என்றால் அவசரம். குடலின் இரண்டு மடிப்புகளில் ஆளுக்கொன்றாக நின்று ஒன்றையொன்று இழுத்து, நடுவில் மாட்டிய குடல் சுவரை நசுக்கி ஓட்டை போடும். வயிற்றைத் தாண்டுமுன் எடுத்துவிட வேண்டும். எத்தனை விழுங்கியது என்று குழந்தை சொல்வதை நம்பாமல், பொம்மையில் எத்தனை குறைகிறது என்று எண்ணிப் பார்த்துச் சொல்லுங்கள்.

திறந்த ஊக்கை விழுங்கினால் வரும் வழியெல்லாம் கிழிக்காதா? அதை எப்படி எடுக்கிறார்கள்?
– மாணவி, திருநெல்வேலி

முனை எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. முனை முன்னால் போனால் துளைக்கும், பின்னால் இழுபட்டு வந்தால் துளைக்காது. இந்தப் பாடத்தை உலகத்துக்குச் சொன்னவர் அமெரிக்க மருத்துவர் செவாலியே ஜாக்சன் (1865–1958). எண்டோஸ்கோப் இப்போதுபோல் வளையாத காலத்தில், நேரான உலோகக் குழாய்களை விட்டு எடுத்தவர் அவர். அவர் சேர்த்து வைத்த 2,374 பொருட்கள் பிலடெல்பியாவில் உள்ள மியூட்டர் அருங்காட்சியகத்தில் இழுப்பறை இழுப்பறையாக இருக்கின்றன.

ஊக்கின் வாய் கீழ்நோக்கித் திறந்திருந்தால் வளையப் பக்கத்தைப் பிடித்து அப்படியே இழுக்கலாம், முனை பின்னால் வரும். மேல்நோக்கித் திறந்திருந்தால் முதலில் வயிற்றுக்குள் தள்ளி, அங்கே இருக்கும் இடத்தில் திருப்பி, வளையத்தைப் பிடித்து மேலே கொண்டுவருவார்கள். வரும் வழியில் சுவரைக் காக்க இரண்டு உபாயம் உண்டு. ஒன்று, ஸ்கோப்புக்கு வெளியே முன்கூட்டியே மாட்டி உள்ளே இறக்கும் நீண்ட பிளாஸ்டிக் குழாய். கூர்முனை அதற்குள்ளேயே பயணம் செய்துவிடும். மற்றது, ஸ்கோப்பின் நுனியில் மாட்டும் மணி வடிவ ரப்பர் உறை. போகும்போது அது பின்னால் மடிந்திருக்கும். வயிற்றின் வாசல் தசையைத் தாண்டி வெளியே வரும்போது உராய்வில் முன்பக்கம் புரண்டு ஊக்கை மூடிக்கொள்ளும். குழந்தைகளின் தொண்டைக்கு அந்தப் பிளாஸ்டிக் குழாய் பெரிது, அவர்களுக்கு ரப்பர் உறைதான் வழி.

வயதான மாமனார் மாத்திரையை அட்டையோடு விழுங்கிவிட்டார். இப்படியும் நடக்குமா என்று ஆச்சரியமாக இருக்கிறது. அவருக்குக் கழற்றி மாட்டும் பல்செட்டும் உண்டு, அதை நினைத்தாலும் பயமாக இருக்கிறது.
– வாசகி, கும்பகோணம்

ஆச்சரியப்பட ஒன்றுமில்லை, நடந்துகொண்டேதான் இருக்கிறது. காரணம் பெரும்பாலும் கத்திரிக்கோல். வேளைக்கு ஒன்று என்று எளிதாக எடுக்க, மாத்திரை அட்டையை ஒவ்வொன்றாக நறுக்கிச் சின்ன டப்பாவில் போட்டு வைக்கிறோம். பார்வை மங்கியவர் அரை இருட்டில் ஒரு கைப்பிடி மாத்திரையோடு அதையும் வாயில் போட்டுக்கொள்கிறார். நறுக்கிய சதுரத்தின் நாலு மூலையும் கத்தி முனை. விழுங்கியதே தெரியாமல், "நெஞ்சு எரிகிறது, விழுங்க வலிக்கிறது" என்று மட்டும் சொல்வார்கள். எக்ஸ்ரேயில் பிடிபடாமல் போகலாம். எண்டோஸ்கோப்பியில் பளபளவென்று தெரியும்போதுதான் விஷயம் புரியும். அந்தப் பிளாஸ்டிக் குழாயோ ரப்பர் உறையோ இல்லாமல் இதை உருவினால் மூலைகள் வழிநெடுகக் கீறிக்கொண்டு வரும். அட்டையை நறுக்காதீர்கள். மாத்திரையை உரித்து, கிழமைப் பெயர் எழுதிய டப்பாவில் போட்டுக் கொடுங்கள். உரித்து வைக்கக் கூடாத மாத்திரை என்றால் முழு அட்டையாகவே இருக்கட்டும், வேளைக்கு யாராவது எடுத்துக் கொடுங்கள்.

பல்செட்டில் அதிகம் சிக்குவது முழு செட் அல்ல. ஒன்றிரண்டு பல் மட்டும் வைத்துக் கம்பிக் கொக்கியால் மாட்டும் சின்ன செட். தளர்ந்துபோனதும் மாற்றாமல் விடுவது, போட்டுக்கொண்டே தூங்குவது, பக்கவாதத்தால் வாயின் உணர்வு குறைந்திருப்பது, இவைதான் காரணங்கள். அக்ரிலிக் பகுதி எக்ஸ்ரேயில் தெரியாது, கம்பி மட்டும் தெரியும். கம்பியே இல்லாத செட் என்றால் படம் சுத்தமாக இருக்கும், ஆள் மட்டும் எச்சில் விழுங்க முடியாமல் தவிப்பார்.

இதற்கு உங்களால் பெரிய உதவி செய்ய முடியும். அதே மாதிரி வேறொரு செட் இருந்தால், அல்லது பல் மருத்துவரிடம் அச்சு இருந்தால், கையோடு எடுத்துப் போங்கள். எண்டோஸ்கோப்பி செய்பவர் அதை மேசையில் வைத்து, கவ்வியா, சுருக்குக் கம்பியா, வலையா, எது பிடிக்கிறது, எந்த இடத்தில் பிடித்தால் கொக்கி பின்னால் வரும் என்று உள்ளே போகுமுன்பே பழகிப் பார்த்துவிடுவார். எந்தப் பொருள் விழுங்கப்பட்டாலும் இது பொருந்தும். கொக்கி சதையில் ஆழமாக மாட்டியிருந்தால் இழுத்துப் போராடுவது கிழிசலில்தான் முடியும். அப்போது முழு மயக்கத்தில் நேர்க்குழாய் ஸ்கோப், அதிலும் வராவிட்டால் கழுத்தையோ நெஞ்சையோ திறந்து எடுக்கும் அறுவைச் சிகிச்சை. அந்த முடிவை நேரத்தோடு எடுப்பவரே நல்ல மருத்துவர்.

எனக்கு 34 வயது. கறி சாப்பிடும்போது துண்டு நெஞ்சில் நின்றுவிடுகிறது, இது மூன்றாவது தடவை. கோலா குடித்தால் இறங்கும் என்று இணையத்தில் போட்டிருக்கிறார்கள். குடிக்கலாமா?
– வாசகர், கோவை

நெதர்லாந்தில் ஐந்து மருத்துவமனைகளில் இதையே சோதித்து 2023-ல் வெளியிட்டார்கள். மொத்தம் 51 பேர். கோலா குடித்தவர்களிலும் குடிக்காதவர்களிலும் ஒரே விகிதம், 61 சதவீதம் பேருக்குத்தான் முன்னேற்றம். ஆக, காத்திருந்ததால் இறங்கியதற்குக் கோலா பெயர் வாங்கிக்கொண்டது. எச்சிலைக்கூட விழுங்க முடியாமல் துப்பிக்கொண்டிருப்பவர் குடித்தால் புரையேறி நுரையீரலுக்குள் போகும். கறி வேக வைக்கப் பப்பாளிக்காய் போடுகிறோமே, அந்தப் பப்பாளி நொதியைக் குடிக்கக் கொடுக்கும் வழக்கம் மருத்துவத்திலேயே ஒரு காலத்தில் இருந்தது. கறியோடு சேர்த்து உணவுக்குழாயின் சுவரையும் அது அரித்ததால் கைவிட்டுவிட்டார்கள். நீங்கள் அதை முயலாதீர்கள்.

எச்சில் இறங்கவில்லை என்றால் முழு அடைப்பு. முள்ளுக்குச் சொன்ன அதே இரண்டு மணி, ஆறு மணிக் கணக்கு. தண்ணீர் இறங்குகிறது, கட்டி மட்டும் நிற்கிறது என்றால் 24 மணி நேரத்துக்குள். எண்டோஸ்கோப்பியில் காற்றைச் செலுத்திக் குழாயை விரித்து, உணவுக் கட்டியின் நடுவில் மெல்ல அழுத்தினால் பெரும்பாலும் வயிற்றுக்குள் இறங்கிவிடும். எலும்பு இருக்குமோ என்ற சந்தேகம் இருந்தால் தள்ளக் கூடாது. எதிர்ப்பு தென்பட்டாலும் பலம் காட்டாமல் துண்டு துண்டாக்கி வலையில் வெளியே எடுக்க வேண்டும்.

உங்கள் கடிதத்தில் எங்களை நிறுத்தியது கோலா அல்ல, "மூன்றாவது தடவை" என்ற சொல். ஆரோக்கியமான உணவுக்குழாயில் கறி அடிக்கடி நிற்காது. உணவு அடைத்து வருகிற பெரியவர்களில் பெரும்பாலோருக்கு அடியில் ஒரு நோய் இருக்கும். உங்கள் வயதில் முதலில் நினைக்க வேண்டியது ஈசினோபில் (ஒருவகை வெள்ளையணு) வகை உணவுக்குழாய் அழற்சி. ஒவ்வாமை போன்ற ஒன்று, ஆஸ்துமா, தும்மல் தொந்தரவு உள்ளவர்களுக்கு அதிகம் வரும். குழாயில் வளையங்களும் நீளக் கோடுகளும் தெரியலாம், சிலருக்குப் பார்வைக்கு ஒன்றுமே இருக்காது. அதனால் இரண்டு வெவ்வேறு உயரங்களில், குறைந்தது ஆறு சதைத் துணுக்குகள் எடுத்துப் பரிசோதிக்க வேண்டும் (இதுதான் பயாப்சி). நுண்ணோக்கியின் பெரிய உருப்பெருக்கப் புலம் ஒன்றில் 15 அல்லது அதற்கு மேற்பட்ட ஈசினோபில் அணுக்கள் இருந்தால் உறுதி. அமிலக் குறைப்பு மாத்திரை, விழுங்கும் ஸ்டீராய்டு, உணவு மாற்றம் என்று நல்ல சிகிச்சை இருக்கிறது. நீண்ட நாள் நெஞ்செரிச்சலால் வந்த குறுக்கம், முன்பு எப்போதோ ஆசிட் குடித்ததால் வந்த குறுக்கம், உணவுக்குழாய் அசைவுக் கோளாறு ஆகியவையும் காரணமாகலாம். ஐம்பதைத் தாண்டியவருக்கு, முதலில் கட்டி உணவு, பிறகு கஞ்சி என்று படிப்படியாக இறங்காமல் போய் எடையும் குறைந்தால் புற்றுநோய் இல்லை என்று உறுதி செய்தாக வேண்டும். கறித்துண்டு இறங்கிவிட்டது, வீட்டுக்குப் போகலாம் என்று சொன்னால், "பயாப்சி எடுத்தீர்களா?" என்று கேளுங்கள்.

தொண்டையில் சிக்கியது மூச்சுக்குழாயா உணவுக்குழாயா என்று வீட்டில் எப்படிக் கண்டுபிடிப்பது?
– ஆசிரியை, விழுப்புரம்

பேச முடியவில்லை, சத்தமாக இரும முடியவில்லை, முகம் நீலம் பாய்கிறது என்றால் மூச்சுக்குழாய். அது நிமிடக் கணக்கு. முன்னால் குனிய வைத்து இரண்டு தோள்பட்டைக்கும் நடுவில் உள்ளங்கையின் அடிப்பகுதியால் ஐந்து தட்டு, பிறகு பின்னாலிருந்து கட்டிப்பிடித்துத் தொப்புளுக்கு மேலே உள்நோக்கி, மேல்நோக்கி ஐந்து அழுத்து, மாறி மாறி. கூடவே இன்னொருவர் 108-ஐ அழைக்கட்டும். ஒரு வயதுக்குக் கீழே வயிற்றை அழுத்தாதீர்கள். தலை தாழ்த்திக் கவிழ்த்து முதுகில் ஐந்து தட்டு, மல்லாத்தி மார்பின் நடுவில் ஒரு உள்ளங்கையின் அடிப்பகுதியால் ஐந்து அழுத்து.

பேசுகிறார், மூச்சு விடுகிறார், விழுங்கத்தான் முடியவில்லை, எச்சில் வழிகிறது என்றால் உணவுக்குழாய். அவருக்கு முதுகில் தட்டுவதும் வயிற்றை அழுத்துவதும் பயன் தராது, கூர்மையான பொருளாக இருந்தால் கெடுதலும்கூட. பேட்டரிக்குச் சொன்ன தேனைத் தவிர வாயில் எதுவும் கொடுக்காமல், உட்கார வைத்தே கூட்டிப் போங்கள். கடைசியாக எப்போது, என்ன சாப்பிட்டார், ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுக்கிறாரா, இந்த இரண்டையும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தால் மயக்க மருத்துவருக்குப் பாதி வேலை முடிந்தது. சாதாரண நேரத்தில் திட உணவுக்கு ஆறு மணி, தாய்ப்பாலுக்கு நாலு மணி, தண்ணீருக்கு இரண்டு மணி இடைவெளி பார்ப்பார்கள்.

எடுத்த பிறகு எப்போது சாப்பிடலாம்? எதற்குப் பயப்பட வேண்டும்?
– வாசகர், தூத்துக்குடி

சுவரில் காயமில்லாமல் காசோ உணவுக் கட்டியோ எளிதில் வந்துவிட்டால், மயக்கம் தெளிந்து இரண்டு மணி நேரம் கழித்துத் தண்ணீர், பிறகு மோர், கஞ்சி, மறுநாள் வழக்கமான சாப்பாடு. தொண்டை ஓரிரு நாள் கரகரப்பாக இருக்கும், அது ஸ்கோப் உரசியது. முள், ஊக்கு, பல்செட் என்றால் கீறலைப் பொறுத்து ஒரு நாளாவது படுக்கையில் வைத்துப் பார்ப்பார்கள்.

கழுத்திலோ நெஞ்சிலோ முதுகிலோ வலி கூடிக்கொண்டே போவது, காய்ச்சல், நாடித்துடிப்பு ஏறுவது, கழுத்துத் தோலைத் தொட்டால் நொறுநொறுவென்று உணர்வது ஆகியவை ஓட்டை விழுந்ததற்கான அடையாளங்கள். கடைசியாகச் சொன்னது குழாயிலிருந்து கசிந்த காற்று தோலுக்கடியில் புகுந்ததால் வருவது. உடனே சாப்பாட்டையும் தண்ணீரையும் நிறுத்திவிட்டு எடுத்த மருத்துவமனைக்கே திரும்புங்கள். சி.டி. எடுத்துப் பார்ப்பார்கள். முதல் நாளிலேயே கண்டுபிடித்த சிறு ஓட்டையை எண்டோஸ்கோப்பி வழியாகவே கிளிப் போட்டு மூடிவிடலாம். மூன்று நாள் கழித்துச் சீழோடு வந்தால் நெஞ்சைத் திறக்க நேரிடும்.

வீட்டுக்கு அனுப்பும்போது தரும் அறிக்கையில் என்ன பொருள், முன்பற்களிலிருந்து எத்தனை செ.மீ. தூரத்தில் இருந்தது, சுவரில் என்ன காயம், பயாப்சி எடுத்தார்களா என்ற நாலும் இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு குறுக்கம் என்று வேறு ஊரில் காட்ட நேர்ந்தால், அங்கே ஸ்கோப் விடுபவர் அந்த செ.மீ. கணக்கை வைத்துத்தான் இடத்தைத் தேடுவார்.